தண்ணீருக்குள் முளைத்த கால்

பாடநூல்களிலும் அருங்காட்சியகச் சுவர்களிலும் அடிக்கடி தென்படும் ஓவியம் ஒன்று உண்டு. வற்றிக்கொண்டிருக்கும் குளத்தின் விளிம்பில் ஒரு மீன் தலையை நீட்டுகிறது. அடுத்த கட்டத்தில் துடுப்பை ஊன்றிச் சேற்றில் ஊர்கிறது. அதற்கும் அடுத்த கட்டத்தில் துடுப்பு காலாகி, விரல்களும் வந்துவிட்டன. கரைக்கு வந்தது, நடக்க வேண்டியிருந்தது, ஆகவே கால் முளைத்தது என்று அந்த ஓவியம் கதை சொல்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் பாறைகளிலிருந்து வெளிவந்த எலும்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதையின் வரிசை தலைகீழாகிவிடுகிறது. கால் முதலில் வந்தது, கரை பிறகு வந்தது. காலோடு இது நிற்கவில்லை. நுரையீரல், கழுத்து, வலுத்த இடுப்பு, தலைக்கு மேல் ஏறிய கண், விரல் என்று நிலவாழ்வின் அடையாளங்களாக நாம் எண்ணுபவற்றில் பெரும்பாலானவை தண்ணீருக்குள்ளேயே, தண்ணீரில் பிழைக்கும் தேவைக்காகவே உருவானவை. தவளை, பல்லி, பறவை, மனிதன் என்று நான்கு உறுப்புகளோடு திரியும் அத்தனை உயிர்களுக்கும் இது பொருந்தும். கையைப் பாம்பு இழந்துவிட்டது, பறவை சிறகாக்கிக்கொண்டது. அவற்றுக்கும் தொடக்கம் அதே இடம்தான்.

பழைய கதைக்கு அறிவியல் வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்ஃப்ரெட் ஷெர்வுட் ரோமர். அவருடைய கருத்து மேலே சொன்ன ஓவியத்தைவிட நுட்பமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மாற்றம் நிகழ்ந்த டெவோனியன் என்ற புவியியல் காலத்துப் பாறைகள் பல இடங்களில் செந்நிறமாக இருக்கின்றன. அது வறட்சியின் அடையாளம் என்று அன்றைய புவியியலாளர்கள் கருதினார்கள். குளம் வற்றும்போது, துடுப்பை ஊன்றி அடுத்த குளத்துக்குப் போகமுடிந்த மீன் பிழைத்தது, முடியாதது செத்தது. ஆகவே கால் என்பது நீரைவிட்டு ஓடுவதற்கான உறுப்பு அல்ல, நீரில் தொடர்ந்து வாழ்வதற்கான உறுப்பு என்றார் ரோமர். அழகான தர்க்கம். ஆனால் அதைத் தாங்கிய தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலத்திலும் மண் செந்நிறமாகும் என்பது தெரிந்தபின், நிறத்தை மட்டும் வைத்து வறட்சியைச் சொல்ல முடியாமல் போனது. வற்றும் குளத்தில் மாட்டிக்கொண்ட மீன் என்ன செய்யும் என்பதற்கு ஆப்பிரிக்க நுரையீரல் மீன் இன்றும் உயிரோடு இருக்கும் சாட்சி: அது அடுத்த குளத்தைத் தேடிப் புறப்படுவதில்லை, சேற்றுக்குள் புதைந்து, தன்னைச் சுற்றி வழவழப்பான கூடு ஒன்றை அமைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரோமர் எழுதிய காலத்தில் கையில் இருந்த சான்றே மிகக் குறைவு. கிழக்கு கிரீன்லாந்துக்குச் சென்ற டேனிஷ் ஆய்வுப் பயணங்களில் 1931இல் கிடைத்து, அடுத்த ஆண்டு குன்னார் சாவ-சோடர்பெர்க் என்ற இளம் ஸ்வீடன்காரர் விவரித்த இக்தியோஸ்டெகா என்ற ஒரே விலங்குதான் பல பத்தாண்டுகளுக்கு அறிஞர்களின் கற்பனைக்கு ஆதாரமாக இருந்தது. அவர் இளம்வயதிலேயே இறந்துவிட, ஆய்வைத் தொடர்ந்த எரிக் யார்விக் அதற்குக் காலில் ஐந்து விரல்கள் வரைந்தார். ஐந்து விரல் இருந்தாக வேண்டும் என்பதை யாரும் சந்தேகிக்காத காலம் அது.

திருப்பம் வந்தது 1987இல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜென்னி கிளாக் அந்த ஆண்டு கிழக்கு கிரீன்லாந்துக்குப் போனார். அவரைப் போகத் தூண்டியது பெரிய கோட்பாடு ஒன்றுமல்ல. 1970 வாக்கில் அங்கு சென்ற ஒரு புவியியல் மாணவரின் களக்குறிப்பேட்டில், குறிப்பிட்ட ஒரு மலைச்சரிவில் மண்டையோட்டு எலும்புகள் நிறையக் கிடைக்கின்றன என்று எழுதியிருந்தது. அந்தச் சரிவில் கிளாக் குழுவினருக்குக் கிடைத்தது, அதுவரை மண்டையோட்டுத் துண்டுகளால் மட்டுமே அறியப்பட்டிருந்த அகாந்தோஸ்டெகாவின் முழுமையான எலும்புக்கூடுகள். வயது சுமார் 36.5 கோடி ஆண்டுகள். பாறையிலிருந்து எலும்பை மணல் மணலாகப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1990இல் கிளாக்கும் மைக்கேல் கோட்ஸும் வெளியிட்ட முடிவு இத்துறையையே உலுக்கியது. அகாந்தோஸ்டெகாவின் முன்காலில் எட்டு விரல்கள். இக்தியோஸ்டெகாவின் பின்காலை மறுபடி பார்த்தபோது ஏழு. ரஷ்யாவின் துலா வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்டு 1984இல் பெயரிடப்பட்ட துலர்பெட்டானுக்கு ஏற்கெனவே ஆறு. ஐந்து என்பது இயற்கையின் மூலச் சட்டம் அல்ல, பின்னால் நிலைத்துப்போன ஏற்பாடு என்பது அன்று தெரிந்தது. ஆனால் விரல் எண்ணிக்கையைவிட முக்கியமான செய்தி மற்ற எலும்புகளில் இருந்தது. செவுளைத் தாங்கும் எலும்புகளில் இரத்தக் குழாய்கள் ஓடிய பள்ளங்கள், இன்றைய மீன்களில் இருப்பதைப் போலவே இருந்தன. அதாவது அகாந்தோஸ்டெகா செவுளால் சுவாசித்தது. தவளைக் குஞ்சுக்கு இருப்பதுபோல வெளியே தொங்கும் செவுள் அல்ல, உள்ளே இருக்கும் மீன் செவுள். வாலில் மீனுக்குரிய துடுப்புக் கதிர்கள். விலா எலும்புகள் குட்டையானவை. நிலத்தில் உடலைத் தாங்க அவை உதவியிருக்காது. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதைவிட மிக நீளம். அப்படிப்பட்ட கையை மடக்கி உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உடல் எடையைச் சுமக்க முடியாது. மணிக்கட்டு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எட்டு விரல் கொண்ட கை இருக்கிறது, ஆனால் அந்தக் கையால் நடக்க வழியில்லை. இந்த ஓர் உடலே ஓவியக் கதைக்குப் போதுமான மறுப்பு.

போதுமா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்கவும் வேண்டும். முதல் கேள்வி: திமிங்கிலம் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பியதைப் போல, அகாந்தோஸ்டெகாவும் நிலத்தில் நடந்த முன்னோரிடமிருந்து பிறந்து நீருக்குத் திரும்பிய ஒன்றாக இருக்கக் கூடாதா? இருக்கலாம்தான். ஆனால் நீருக்குத் திரும்பியவை தங்கள் பழைய வாழ்வின் தடயத்தை மறைக்க முடிவதில்லை. திமிங்கிலம் இத்தனை கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் மூச்சுவிட மேலே வருகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, உடலுக்குள் இடுப்பெலும்பின் எச்சத்தைச் சுமக்கிறது. இழந்த செவுளை அது மீண்டும் பெறவில்லை. மீன் வால் போலத் தோன்றும் அதன் வாலில் ஒரு துடுப்புக் கதிர்கூடக் கிடையாது. அகாந்தோஸ்டெகாவிலோ செவுளும் துடுப்புக் கதிரும் தன் காலத்துக்கு முந்தைய மீன்களில் இருந்த அதே அமைப்போடு இருக்கின்றன. இழந்து திரும்பப் பெற்றவை அல்ல, இழக்காமலே வைத்திருந்தவை. இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது, அதை எழுப்பியது 2016இல் வெளியான ஓர் ஆய்வு. சோஃபி சான்செஸும் சகாக்களும் சக்திவாய்ந்த எக்ஸ் கதிர்களைக் கொண்டு அகாந்தோஸ்டெகாவின் மேற்கை எலும்புக்குள் இருந்த வளர்ச்சி வளையங்களை எண்ணினார்கள். கிடைத்தவை எல்லாம் முழு வளர்ச்சி எட்டாத இளம் விலங்குகள், குறைந்தது ஆறு ஆண்டுகள் அவை இளம்பருவத்தில் இருந்தன என்று தெரிந்தது. வளர்ந்தபின் அது கரைக்கு வந்திருக்கலாமே என்ற வாதத்துக்கு இதனால் இடம் உண்டாகிறது. உண்மைதான், வளர்ந்த அகாந்தோஸ்டெகா ஒன்று கிடைக்கும்வரை அந்த இடம் திறந்தேயிருக்கும். ஆனால் நம் கேள்விக்கு விடை இளம் விலங்கிடமே இருக்கிறது. அந்த ஆண்டுகள் முழுவதும் அது நீரில் வாழ்ந்தது, விரல்களோடு வாழ்ந்தது.

ஓர் உடலை வைத்து வரலாறு எழுத முடியாது. அதற்கு முன்னும் பின்னும் வேண்டும். முன்பக்கத்தை நிரப்பியவற்றுள் புகழ்பெற்றது டிக்டாலிக். டெட் டேஷ்லர், நீல் ஷூபின், ஃபாரிஷ் ஜென்கின்ஸ் மூவரும் அதைத் தேடிய விதமே ஒரு வாதம். சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் துடுப்புள்ள மீன்கள் கிடைக்கின்றன, 36.5 கோடியில் விரல் உள்ளவை கிடைக்கின்றன, எனவே நடுவில் உள்ளது அந்த இடைவெளியின் வயதுள்ள, ஆற்றுப் படுகையில் உருவான பாறையில்தான் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, கனடாவின் வடகோடித் தீவுகளுக்கு 1999 முதல் பல கோடைகளில் போய்வந்தார்கள். 2004இல் எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது, 2006இல் உலகுக்கு அறிவித்தார்கள். 37.5 கோடி ஆண்டுகள் பழமையான இந்த மீனுக்குச் செதில் உண்டு, துடுப்பு உண்டு, துடுப்பின் ஓரத்தில் கதிர்களும் உண்டு. துடுப்புக்குள்ளே மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, அதற்கப்பால் மணிக்கட்டைப் போல மடங்கக்கூடிய சிறு எலும்புகள். தலை முதலையின் தலைபோலத் தட்டை, கண் உச்சியில். மற்ற மீன்களில் தலையையும் தோளையும் பிணைக்கும் எலும்புகள் இதில் மறைந்துவிட்டதால் தலையைத் தனியாகத் திருப்ப முடிந்தது. மீன் இரையைப் பார்த்தால் உடம்பையே திருப்பிக்கொள்ளும். அடியைத் தொட்டபடி ஆழமில்லாத நீரில் படுத்திருக்கும் வேட்டைக்கார விலங்குக்கு அது முடியாது, கழுத்து தேவை. 2014இல் அதன் இடுப்பெலும்பையும் விவரித்தார்கள். அதற்கு முன்பிருந்த மீன்களுக்கு இடுப்புச் சிறியது, பின்துடுப்பு வெறும் துணை. டிக்டாலிக்கின் இடுப்போ ஏறக்குறைய தோளளவு பெரியது. பின்னங்காலால் உந்திச் செல்வது நிலவிலங்கின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தோம். துடுப்புள்ள மீனே அதைத் தொடங்கிவிட்டிருந்தது.

கனடாவின் கிழக்கே மிகுவாஷா என்ற செங்குத்துப் பாறையில் 2010இல் கிடைத்து 2020இல் விவரிக்கப்பட்ட எல்பிஸ்டோஸ்டெகே எலும்புக்கூடு இன்னும் ஒருபடி போகிறது. ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான முழு உடல். அதன் முன்துடுப்பை ஊடுகதிர் கொண்டு பார்த்தபோது, விரல் எலும்புகளைப்போல வரிசையாக அமைந்த எலும்புகள் துடுப்புக்குள்ளேயே, கதிர்களும் செதில்களும் மூடியிருக்க, உள்ளே இருந்தன. வெளியே பார்த்தால் மீன் துடுப்பு, உள்ளே விரலின் தொடக்கம். அந்த எலும்புகள் துடுப்புக்கு அகலமும் வளைவும் தந்தன, அவ்வளவுதான். இந்த வரிசையை நிலத்தை நோக்கிய பயணமாகப் படிக்கும் ஆசை எழுந்தால் அதை அடக்க இன்னொரு மீன் இருக்கிறது. 2022இல் விவரிக்கப்பட்ட கிக்கிக்தானியா, டிக்டாலிக்கின் நெருங்கிய உறவு, அதே எல்ஸ்மியர் தீவைச் சேர்ந்தது. அதன் மேற்கை எலும்பில், ஊன்றி எழுவதற்கான தசைகள் பற்றிக்கொள்ளும் மேடுகள் இல்லை. அது அடித்தரையை விட்டு விலகி, திறந்த நீரில் நீந்தும் வாழ்வுக்குப் போய்விட்டிருந்தது. கரையை ஓர் இலக்காக யாரும் வைத்திருக்கவில்லை. ஆழமற்ற நீர் தந்த வாய்ப்புகள் பல, ஒவ்வொரு கிளையும் வேறுவேறு வாய்ப்பை எடுத்துக்கொண்டது.

கரையில் நடக்காத விலங்குக்குக் கால் எதற்கு என்ற கேள்வி எப்போதும் வரும். பரிணாமத்தை ஏற்காதவர்கள் இதையே பாதிக் கால் எதற்கு உதவும் என்று கேட்பார்கள். கேள்வியில் ஒளிந்திருக்கும் அனுமானம், நடப்பது என்றால் தரையில் நடப்பது என்பது. தண்ணீருக்கு அடியில் நடக்கும் மீன்கள் இன்றும் ஏராளம். பவளப்பாறைகளுக்கிடையே தவளை மீன்கள் துடுப்பை ஊன்றி நடந்து இரைக்காகப் பதுங்குகின்றன. ஆப்பிரிக்க நுரையீரல் மீன் நூல்போன்ற பின்துடுப்புகளால் அடித்தரையை உந்தி, உடம்பைத் தூக்கி, மாறிமாறி அடிவைத்து நகர்வதை 2011இல் பதிவு செய்தார்கள். நீர் உடல் எடையைச் சுமந்துகொள்வதால் அதற்கு வலுவான எலும்பே தேவைப்படவில்லை. 2018இல் வெளியான ஒரு ஆய்வு இதைவிட வியப்பானது. திருக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீன் கடலடியில் தன் இடுப்புத் துடுப்புகளை இடமும் வலமும் மாற்றி வைத்து நடக்கிறது. அந்த நடையை இயக்கும் நரம்புச் சுற்றுகளும் அவற்றைக் கட்டமைக்கும் மரபணுக்களும், எலியின் கால்களை இயக்குபவற்றோடு அடிப்படையில் ஒத்திருந்தன. திருக்கைக்கும் எலிக்கும் பொதுவான முன்னோர் வாழ்ந்தது ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நடைக்கான நரம்பு ஏற்பாடு, காலுக்கே பல கோடி ஆண்டு மூத்தது.

நுரையீரலும் அப்படித்தான். மீனின் காற்றுப்பைதான் பின்னர் நுரையீரலாக மாறியது என்று டார்வின் 1859இல் எழுதினார். இரண்டும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள் என்பதில் அவர் சொன்னது சரி, திசைதான் மாறிவிட்டது. எலும்புள்ள மீன்களின் பொது முன்னோருக்கே எளிய நுரையீரல் இருந்தது, பெரும்பாலான மீன்களில் அதுவே பின்னர் மிதப்புக்கான காற்றுப்பையாக மாறியது என்பதே இன்றைய முடிவு. வெதுவெதுப்பான, தேங்கிய, இலைகள் விழுந்து அழுகும் நீரில் ஆக்சிஜன் குறையும். மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்குவது அங்கே உயிர்காக்கும் பழக்கம். டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில் முதல் பெருங்காடுகள் ஆற்றங்கரைகளில் எழுந்து, தழையையும் கிளையையும் நீரில் கொட்டின. வேரும் கட்டையும் பின்னிய அந்த நீரில் வேகமாக நீந்துபவனுக்கு லாபமில்லை. பற்றி, தள்ளி, விலக்கி நகர்பவனுக்கு லாபம். எட்டு விரல் துடுப்பை அங்கே கற்பனை செய்து பார்த்தால் அது பாதிக் காலாகத் தெரியாது, முழுமையான கருவியாகவே தெரியும். கண்ணின் கதையும் இதோடு சேர்கிறது. மால்கம் மெக்ஐவரும் சகாக்களும் 2017இல் புதைபடிவ மண்டையோடுகளை அளந்து, கால் தோன்றுவதற்கு முன்பே கண்குழி ஏறக்குறைய மூன்று மடங்கு பெருத்து உச்சிக்கு ஏறிவிட்டதைக் காட்டினார்கள். கலங்கிய நீருக்குள் பெரிய கண்ணால் பெரிய பயன் இல்லை. நீர்மட்டத்துக்கு மேலே முதலைபோலக் கண்ணை நீட்டிக் காற்றின் வழியே பார்த்தால், கண்ணுக்கு எட்டும் வெளியின் கன அளவு பத்து லட்சம் மடங்கு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. கரையோரத்தில் அப்போது பூரான்களும் பிற கணுக்காலிகளும் ஏற்கெனவே குடியேறியிருந்தன. நிலத்தை மீன் முதலில் தொட்டது காலால் அல்ல, பார்வையால் என்றே சொல்லலாம்.

இதற்கு எதிராக, இன்றைக்கும் கரையேறும் மீன்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, நம் ஊரிலேயே இருக்கின்றன. பனையேறிக் கெண்டை மழைக்காலத்தில் குளத்தைவிட்டு வெளியேறி ஈரத்தரையில் வெகுதூரம் போகும். தரங்கம்பாடியில் டேனிஷ் படையில் பணியாற்றிய டால்டோர்ஃப், அது பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதி, அந்தக் குறிப்பு 1797இல் லண்டனின் லின்னியன் சங்க ஏட்டில் வெளியானது. மரமேறும் கதையை இன்று பலர் நம்புவதில்லை. தரையில் போவதில் சந்தேகமே இல்லை. எதை ஊன்றிப் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. செவுள் மூடியின் விளிம்பில் இருக்கும் முட்களைத் தரையில் பதித்து, வாலால் உந்திப் போகிறது. தலைக்குள் இருக்கும் ஒரு தனி உறுப்பால் காற்றைச் சுவாசிக்கிறது. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளில் சேற்றின்மேல் தத்தித் திரியும் சிறு மீன்கள் முன்துடுப்புகளை ஊன்றுகோலாக்கிக்கொள்கின்றன. விலாங்கு எதையும் ஊன்றாமல் நெளிந்தே போய்விடுகிறது. கரைக்குப் போவதற்குக் கால் நிபந்தனை அல்ல, கரைக்குப் போனதால் இவற்றுக்கு விரல் முளைக்கவும் இல்லை. பிச்சிர் என்ற ஆப்பிரிக்க மீன் குஞ்சுகளை எமிலி ஸ்டாண்டனும் சகாக்களும் எட்டு மாதம் தரையில் வளர்த்து, அவற்றின் நடை தேர்ந்ததையும் தோள் எலும்புகளின் வடிவம் மாறியதையும் 2014இல் காட்டினார்கள். தரைவாழ்வு எலும்பை ஓரளவு வளைக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. அந்த வளைவு மரபில் இறங்கும் மாற்றமா என்பது வேறு கேள்வி. எப்படியானாலும், வளைந்தவை ஏற்கெனவே இருந்த எலும்புகள். புதிய விரல் எதுவும் வரவில்லை.

என் பார்வையில் இந்த வாதத்துக்கு உண்மையான சோதனை வைத்தது போலந்து. ஸாஹெல்மியே என்ற கைவிடப்பட்ட கல்குவாரியில் கிடைத்த காலடித் தடங்களை கிரெகோஷ் நியெட்ஸ்வியெட்ஸ்கியும் சகாக்களும் 2010இல் வெளியிட்டார்கள். வயது ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகள். அவர்கள் முதலில் சொன்னது 39.5 கோடி. சில தடங்களில் விரல் பதிவும் தெரிகிறது என்றார்கள். டிக்டாலிக்கைவிட ஒன்றரைக் கோடி ஆண்டு முந்திய விரல்! இடைப்பட்ட வடிவம் என்று கொண்டாடப்பட்டது தன் வழித்தோன்றல்களுக்குப் பின்னால் பிறந்திருக்கிறதே என்று ஏளனம் எழுந்தது. இதில் இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. டிக்டாலிக் நம் நேர் முன்னோர் என்று அதைக் கண்டெடுத்தவர்களே சொல்லவில்லை. கொள்ளுத்தாத்தாவின் கடைசித் தம்பி, பேரன் திருமணத்துக்கும் வந்து உட்கார்ந்திருக்கலாம். குடும்ப முகச்சாயல் எப்படி இருந்தது என்று அவரைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். டிக்டாலிக்கின் பயன் அவ்வளவே. தேதி முன்னே நகர்ந்தால் கிளைகள் பிரிந்த காலம் முன்னே நகர்கிறது. உறுப்புகள் எந்த வரிசையில் வந்தன என்பது மாறுவதில்லை. இனி தடங்களையே பார்ப்போம். தடங்கள் பதிந்த இடம், கண்டுபிடித்தவர்களின் கணிப்பின்படி, கடலையொட்டிய ஆழமற்ற நீர்நிலை. வரிசையாகப் போகும் தடங்களின் நடுவே உடலோ வாலோ இழுபட்ட கோடு இல்லை. அகாந்தோஸ்டெகாவைப் போன்ற கனமான வால்கொண்ட விலங்கு வறண்ட தரையில் போயிருந்தால் கோடு விழுந்திருக்கும். உடல் நீரில் மிதந்திருந்தால் விழாது. சில ஆய்வாளர்கள் அவை காலடித் தடமே அல்ல, மீன்கள் இரைதேடிக் கிளறிய குழிகள் என்றும் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த மறுப்பு எல்லாத் தடங்களுக்கும் பொருந்துவதாகத் தெரியவில்லை. தடம் உண்மையானதே என்று கொண்டாலும், அது காட்டுவது நீருக்கடியில் நடந்த கால்களைத்தான்.

பாறையை நம்பாதவர்களுக்குச் சோதனைச்சாலை இருக்கிறது. எலியின் விரல்களை உருவாக்கும் இரண்டு முக்கிய மரபணுக்களின் இணைகளை வரிக்குதிரை மீனில் செயலிழக்கச் செய்தபோது துடுப்புக் கதிர்கள் குறுகி, உள்ளே சிறு எலும்புகள் அதிகமாயின என்று ஷூபின் ஆய்வகம் 2016இல் அறிவித்தது. விரலும் துடுப்புக் கதிரும் ஒரே செல் ஏற்பாட்டின் இரண்டு விளைவுகள். 2021இல் ஹார்வர்டு குழு ஒன்று, ஒரே மரபணுவில் ஏற்படும் பிறழ்வால் அதே மீனின் துடுப்புக்குள் மூட்டோடும் தசையோடும் புதிய நீள எலும்புகள் உருவாவதைக் கண்டது. நீரைவிட்டு ஒரு நொடியும் வெளியே வராத மீன் அது. கையை வளர்க்கும் திறன் மீனின் மரபில் உறங்கிக்கிடக்கிறது, அதை எழுப்பக் கரை வேண்டியதில்லை.

அப்படியானால் கால் எப்போது தரையில் உண்மையாக நடந்தது? இக்தியோஸ்டெகாவுக்கு அகாந்தோஸ்டெகாவைவிட வலுவான தோளும் அகன்ற விலாவும் உண்டு. ஆனால் ஸ்டெஃபனி பியர்ஸ், கிளாக், ஜான் ஹட்சின்சன் மூவரும் 2012இல் அதன் மூட்டுகளைக் கணினியில் இயக்கிப் பார்த்தபோது, பின்காலைத் தரையில் ஊன்றி மாறிமாறி அடிவைக்க அதனால் முடியாது என்று தெரிந்தது. முன்கால்களை ஊன்றி உடம்பை இழுத்திருக்கலாம், சேற்றில் தத்தும் மீன்கள் செய்வதுபோல. பாதம் முன்னோக்கித் திரும்பிய, நடைக்கு ஏற்ற கால் முதலில் தெரிவது சுமார் 34.8 கோடி ஆண்டுகள் பழமையான பெடர்பெஸ்ஸில். ஸ்காட்லாந்தின் டம்பார்டன் அருகே 1971இல் கிடைத்த அந்த எலும்புக்கூட்டை மீன் என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள்; முப்பது ஆண்டுகள் கழித்து, 2002இல், கிளாக்தான் அது என்னவென்று சொன்னார். அதன் முழுப்பெயரில் அதைப் பாறையிலிருந்து விடுவித்த சாரா ஃபின்னியின் பெயர் இருக்கிறது. ஊசிமுனையால் பாறையைச் சுரண்டுபவர்கள் இல்லாமல் இத்துறையில் ஒரு வாதமும் எழுந்திருக்காது என்பதால் அந்தப் பெருமை பொருத்தமானது. இந்தப் பிற்பகுதிக் கணக்கை அண்மையில் ஆட்டிப்பார்த்தது ஆஸ்திரேலியா. விக்டோரியா மாநிலத்தில் சுமார் 35.5 கோடி ஆண்டுகள் பழமையான, நகம் பதிந்த காலடித் தடங்கள் 2025இல் வெளியாயின. நகம் ஊர்வனவற்றின் வழிக்கு உரியது. அந்த வழி அப்போதே தனியாகப் பிரிந்து தரையில் நடந்திருந்தால், கரையேற்றம் நாம் நினைத்ததைவிடச் சில கோடி ஆண்டுகள் முன்னதாக, டெவோனியன் காலத்துக்குள்ளேயே தொடங்கியிருக்க வேண்டும். அகாந்தோஸ்டெகா நீருக்குள் விரலை விரித்துக்கொண்டிருந்த அதே நாளில், அதன் உறவு ஒன்று எங்கோ தரையில் நடந்திருக்கலாம்.

இது காலிலிருந்து கரைக்குள்ள இடைவெளியைச் சுருக்குகிறது, கால் முந்தியது என்பதைத் தொடவில்லை. அதைத் தொட வேண்டுமானால் வேறுவகைச் சான்று வேண்டும். ஸாஹெல்மியே தடங்களைவிடப் பழைய பாறையிலிருந்து ஓர் எலும்புக்கூடு வர வேண்டும். அதன் இடுப்பு முதுகெலும்போடு இறுகப் பூட்டியிருக்க வேண்டும், முழங்கையும் மணிக்கட்டும் எடை தாங்க மடங்க வேண்டும், செவுள் எலும்புகளில் இரத்தக் குழாய்ப் பள்ளம் இருக்கக் கூடாது, அத்தோடு அதன் கால் விரல் இல்லாத துடுப்பாகவே இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம்: விரல் வருவதற்கு முன்பே தரையில் எடை சுமந்து நடந்த ஒரு விலங்கு. கிரீன்லாந்திலும் எல்ஸ்மியரிலும் மிகுவாஷாவிலும் பால்டிக் கரையிலும் இத்தனை ஆண்டுகள் தோண்டியதில் அப்படியொன்று இதுவரை அகப்படவில்லை. கிடைத்தால் இந்தக் கட்டுரையின் தலைப்பை மாற்ற வேண்டியிருக்கும்.